எக்ஸ்ட்ரா லோடு வேண்டாம் என்ற டிரைவரைத் தேடி: தாம்பரம், பென்னலூர், மணிமங்கலம், 1991

ஒரகடம் பக்கம் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் வாசகர்கள் சிலர், ஞாயிற்றுக்கிழமைகளில் சுற்றிவர ஒரு நாள் பாதை ஏதாவது சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எனக்குப் பழக்கமான ஒரு வட்டம் இருக்கிறது. தாம்பரத்தில் புறப்பட்டு படப்பை, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர், பென்னலூர் போய், மணிமங்கலம் வழியாகத் தாம்பரத்துக்கே திரும்பும் பாதை. மொத்தம் எழுபத்தைந்து கிலோமீட்டர் போல வரும். இதில் நான் முதன்முதலாகப் போனது 1991 பிப்ரவரியில். அதனால் இந்தப் பதிவில் வழியும் இருக்கும், அந்த ஒரு நாளில் நடந்ததும் இருக்கும். வழி மட்டும் போதும் என்பவர்கள் நேராகக் கடைசிப் பகுதிக்குப் போய்விடலாம்.

அது வளைகுடாப் போர் நடந்துகொண்டிருந்த மாதம். குவைத்தைப் பிடித்துக்கொண்ட ஈராக் மேல் அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும் குண்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். கிழக்கே பிலிப்பைன்ஸிலிருந்து வளைகுடாவுக்குப் போகும் அமெரிக்க ராணுவ விமானங்கள் வழியில் நம் ஊர் விமான நிலையங்களில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போக டெல்லி அனுமதி கொடுத்திருந்தது. பம்பாய், ஆக்ரா, நம் மெட்ராஸ். செய்தித்தாள்களில் விஷயம் வெளிவந்ததும் பெரிய சத்தம் எழுந்தது. எந்த முகாமிலும் சேரமாட்டோம் என்று சுதந்திரம் வாங்கிய நாளிலிருந்து சொல்லிவந்த நாடு, ஒரு பக்கத்தின் போருக்கு எண்ணெய் ஊற்றலாமா என்று கேட்டார்கள். அதே மாதங்களில் கஜானாவில் அந்நியச் செலாவணி வற்றிக்கொண்டிருந்தது, வெளியில் கடனுக்குக் கையேந்தி நிற்கும் அரசு எப்படி முடியாதென்று சொல்லும் என்றும் பேசிக்கொண்டார்கள். மீனம்பாக்கத்தில் ஊர்வலம், மறியல், கைது.

நான் அப்போது போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கான ஒரு சிறிய மாத இதழில் உதவியாசிரியர். உதவியாசிரியர் என்றால் பிழை திருத்துவது, முகவரி ஒட்டுவது, ஆள் இல்லாதபோது எழுதுவது. ஒரு நாள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டார். மணலியிலிருந்து மீனம்பாக்கத்துக்கு விமான எரிபொருள் ஏற்றிச்செல்லும் டேங்கர் லாரி டிரைவர் ஒருவர், அமெரிக்க விமானங்களுக்கான லோடை ஓட்டமாட்டேன் என்று சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாராம். பெயர் தேவராஜ். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஏதோ கிராமம். "போய்ப் பார்த்துப் பேசிட்டு வாம்மா. நாலு பக்கம் ஒதுக்கி வெக்கிறேன்" என்றார். எந்தக் கிராமம் என்று அவருக்கும் தெரியவில்லை. படப்பையில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் ரஹீம் பாயைக் கேட்டால் தெரியும் என்றார்.

காலை ஏழரைக்குத் தாம்பரம் மேற்கில் பஸ் ஏறினேன். படப்பை பதினைந்து கிலோமீட்டர். டிக்கெட் இரண்டு ரூபாய்க்குள்தான் இருந்தது. முடிச்சூர் தாண்டியதும் வீடுகள் நின்றுவிட்டன. அறுவடைக் காலம், சாலை ஓரத்திலேயே நெல் காயப்போட்டிருந்தார்கள். பஸ் அதைச் சுற்றிக்கொண்டு வளைந்து போனது. இன்று அந்த இடத்தில் வரிசையாக அடுக்குமாடிகள் நிற்கின்றன.

ரஹீம் பாய் ஒரு லாரிக்குக் கீழே படுத்திருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னதும் வெளியே வராமல் அங்கிருந்தே பேசினார்.

"தேவராஜா? பென்னலூர் பையன். சாவிய குத்துட்டு வந்தது நெஜம்தான்."

"கோபக்காரரா, பாய்?"

"சேச்சே. அதிர்ந்து பேச மாட்டான். ஆனா வாணாம்னா வாணாம்தான்." பிறகு தலையை மட்டும் வெளியே நீட்டி என்னைப் பார்த்தார். "நீ அவன் சம்சாரத்தாண்ட பாத்துப் பேசு. அதுக்கு வேற மேரி கஷ்டம் கீது."

என்ன கஷ்டம் என்று கேட்டேன். அந்தப் பெண்ணே சொன்னால்தான் சரி என்று மறுபடி லாரிக்குக் கீழே போய்விட்டார்.

படப்பையிலிருந்து ஒரகடம் பதினோரு கிலோமீட்டர். இன்றைக்கு ஒரகடம் சந்திப்பில் மேம்பாலம் இருக்கிறது, அதன் கீழே ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். அன்று அது நான்கு சாலைகள் சந்திக்கும் இடம், அவ்வளவுதான். ஒரு டீக்கடை, இரண்டு புளியமரம், தூரத்தில் ஏரி. ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸுக்கு ஒன்றேகால் மணி நேரம் காத்திருந்தேன். காத்திருந்தவர்களில் நான் ஒருத்திதான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வல்லம், மாத்தூர் வழியாக இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஸ்ரீபெரும்புதூர். அந்த வருடம் மே மாதம் உலகமே அந்த ஊரின் பெயரை உச்சரிக்கப் பழகியது. பிப்ரவரியில் அது கோயிலும் கடைத்தெருவுமாக இருந்த ஒரு சின்ன ஊர். சாப்பாட்டுக் கடையில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டு, மெட்ராஸ் சாலையில் நான்கு கிலோமீட்டர் தள்ளி இருந்த பென்னலூருக்கு இன்னொரு பஸ் பிடித்தேன்.

தேவராஜின் வீடு நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. ஓட்டு வீடு. வாசலில் அடிபம்பில் ஒரு பெண் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு, முப்பது வயதிருக்கும். நான் பெயரைச் சொல்லிக் கேட்டதும் அடிப்பதை நிறுத்தவில்லை.

"நீங்க ஓனர் அனுப்ச்ச ஆளா, யூனியன் ஆளா?"

"ரெண்டும் இல்லைங்க. பத்திரிகை."

"பேப்பரா? பேப்பர்ல போட்டா வேலைய திரும்பக் குடுப்பாங்களா?"

"அது தெரியாதுங்க."

"அப்ப எதுக்குப் போட்றீங்க?"

இவள்தான் தேவராஜின் மனைவி கஸ்தூரி. குடம் நிரம்பியதும் உள்ளே போனாள், ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு தானாகவே சொன்னாள். தேவராஜ் வீட்டில் இல்லை. வேலையை விட்டு வந்த இரண்டாம் நாளே இருவருக்கும் பெரிய சண்டை. மணிமங்கலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். மாமாவின் டிராக்டரை ஓட்டிக்கொண்டு அங்கேயே இருக்கிறார்.

"எதுக்குச் சண்டை?"

"எங்க மோகன் தமாம்ல கீறான்" என்றாள்.

மோகன் அவளுடைய தம்பி. சவூதியில் தமாம் நகரில் ஒரு கேட்டரிங் கம்பெனியில் வேலை. ஈராக்கின் ஏவுகணைகள் அந்தப் பக்கம்தான் வந்து விழுந்துகொண்டிருந்தன. ஜனவரி முதல் அவனிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. பக்கத்து ஊரில் யாரோ ஊர் திரும்பியவர் வந்து, அங்கே ராத்திரியில் சைரன் ஊதுகிறது, எல்லோருக்கும் மூஞ்சிக்கு மாட்ட முகமூடி கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லியிருந்தார். அதைக் கேட்டதிலிருந்து கஸ்தூரிக்குத் தூக்கம் இல்லை.

"மேல வர்ற குண்ட தடுக்கறவன் அமெரிக்காகாரன்தானாம். அவன் ப்ளேன் அங்க போய்ச் சேரணும்னுதான் நான் வேண்டிகினு கீறேன். இவுரு அதுக்கு எண்ண ஊத்த மாட்டேன்னு வந்து குந்திகினாரு. அந்த குண்டு யாரு தலைல வுழும்? சொல்லுங்க. ஊர்வலம் போறவங்க தலைலயா?"

தேவராஜிடம் கேட்க என்று பஸ்ஸிலேயே பன்னிரண்டு கேள்விகள் யோசித்து வைத்திருந்தேன். அவற்றில் ஒன்றும் இவளிடம் கேட்கும்படி இல்லை.

அன்று சாயங்காலம் முதலாளியின் சூப்பர்வைசர் சபாபதி மணிமங்கலத்துக்கே நேரில் வரப்போவதாகச் சொன்னாள். மறுநாள் காலை வண்டி எடுக்க வருகிறாரா இல்லையா என்று கடைசியாகக் கேட்பார்கள். இல்லை என்றால் கிளீனரை டிரைவராகப் போட்டுவிடுவார்கள். அதற்குள் போய் அவரை ஒத்துக்கொள்ள வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தவள், தனியாகப் போக மனம் வராமல் இருந்திருக்கிறாள்.

"நீங்க அங்கதான போறீங்க? நானும் வர்றேன். உங்க எதிர்ல கத்த மாட்டாரு."

அவர் கத்தவே மாட்டார் என்று ரஹீம் பாய் சொன்னதை நான் சொல்லவில்லை. ஆறு வயது மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் பார்த்துக்கொள்ளும்படி பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

ஸ்ரீபெரும்புதூருக்குத் திரும்பி வந்து, மணிமங்கலம் வழியாகத் தாம்பரம் போகும் பஸ்ஸைப் பிடித்தோம். அமரம்பேடு வழியாகப் பதினாறு கிலோமீட்டர். குறுகலான சாலை, எதிரில் மாட்டு வண்டி வந்தால் பஸ் மண்ணில் இறங்க வேண்டும். பெண்கள் பக்கத்தில் ஜன்னலோரம் கஸ்தூரி உட்கார்ந்தாள். பாதி வழி போனது. பிறகு, அவர் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த நாளைச் சொன்னாள். எப்போதும் வந்ததும் குளிப்பவர் அன்று குளிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாராம். உடம்பு சரியில்லையா என்று கேட்டிருக்கிறாள். வேலையை விட்டுட்டேன் என்று மட்டும் சொல்லியிருக்கிறார். காரணத்தை அவள் மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் சொன்னார்.

"சொல்றப்பவும் என் மூஞ்சியப் பாக்கல. மோகன் அங்க கீறது அவருக்கும் தெரியும்தான? அவன அங்க அனுப்ச்சி வெக்க ஏர்போர்ட்டுக்கு இவுருதான் வந்தாரு. அவன் போன அன்னைக்கு என்னவிட இவுருதான் அதிகமா அழுதாரு." என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு யாராச்சும் அங்க கீறாங்களா?"

"இல்லைங்க."

"அதான்" என்றாள்.

மணிமங்கலம் பழைய ஊர். பல்லவர்கள் வடக்கேயிருந்து படையெடுத்து வந்த சாளுக்கியரை எதிர்த்து நின்று முறியடித்த இடங்களில் ஒன்று என்று வரலாற்றுப் புத்தகங்களில் வரும். பெருமாள் கோயிலும் சிவன் கோயிலும் பார்க்க வேண்டியவை. அன்று நாங்கள் இரண்டையும் பார்க்கவில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி, ஏரிக்கரைப் பக்கமாக முக்கால் கிலோமீட்டர் நடந்து களத்துக்குப் போனோம்.

களத்தில் நெற்கதிரைப் பரப்பி அதன் மேல் டிராக்டரை வட்டமாக ஓட்டிப் போரடித்துக்கொண்டிருந்தார்கள். டிராக்டரில் இருந்தவர் ஒல்லியாக, தலையில் துண்டு கட்டியிருந்தார். எங்களைப் பார்த்தார். பார்த்த பிறகும் இரண்டு சுற்று ஓட்டினார். மூன்றாவது சுற்றில் எங்கள் பக்கத்தில் வரும்போது நிறுத்திவிட்டு இறங்கினார். "பாப்பா எங்க?" என்று மனைவியிடம் கேட்டார்.

"ஸ்கூல்ல."

"சாப்ட்டியா?"

"அதெல்லாம் அப்புறம் கேளு. இவங்க பேப்பர்லேர்ந்து வந்துகிறாங்க. இவங்க கேக்கறதுக்கு முதல்ல பதில் சொல்லு. அப்புறம் நான் கேக்கறேன்."

வேப்பமரத்தடியில் உட்கார்ந்தோம். தேவராஜ் பெரிய பேச்சாளர் இல்லை. நான் நாடு, போர், இறையாண்மை என்று ஆரம்பித்துப் பார்த்தேன். ஒன்றுக்கும் சரியாகப் பதில் வரவில்லை. கடைசியில், நடந்தது என்ன என்று மட்டும் கேட்டேன்.

"டெய்லி ரெண்டு லோடு. அது யாருக்குப் போவுது, எந்த ப்ளேனுக்குப் போவுதுன்னு நான் கேட்டதில்ல. அந்த வாரம் எக்ஸ்ட்ரா லோடு ஒண்ணு அடின்னாங்க. எதுக்குன்னேன். அமெரிக்கா மிலிட்டரி ப்ளேன் எறங்குதுன்னு டெப்போல அல்லாரும் பேசிகினாங்க. ரெகுலர் லோடு அடிக்கிறேன், எக்ஸ்ட்ரா லோடு வாணாம்னேன். ரெண்டும் அடிக்கறதுன்னா அடி, இல்லன்னா சாவிய வெச்சிட்டுப் போன்னாங்க. வெச்சிட்டேன்."

"தெரியாமல் இருந்திருந்தால் ஓட்டியிருப்பீர்களா?"

"ஓட்டிகினுதான் இருந்திருப்பேன்."

"ரெகுலர் லோடில் இருந்தும் அந்த விமானங்களுக்குப் போயிருக்கலாமே?"

"போயிருக்கலாம்." யோசித்தார். "தெரிஞ்சத வெச்சிதான நான் சொல்ல முடியும்."

"யாராவது சொல்லிக் கொடுத்தார்களா? சங்கத்தில், கட்சியில்?"

"இல்லம்மா. நான் சந்தாவே ஒழுங்கா கட்னதில்ல." முதல்முறையாகச் சிரித்தார். உடனே அது போய்விட்டது. "ஒருத்தன் நம்ம தெரு வழியா இன்னொருத்தன் வூட்டக் கொளுத்தப் போறான். போற வழில நம்ம வூட்டுக் கதவத் தட்டி மண்ணெண்ண கேக்கறான். குத்துட்டு, நான் கொளுத்தலன்னு சொல்லிட முடியுமா? யாரு வூடோ, எந்த நாடோ. நம்மளும்தான அதுல சேர்த்தி?"

கஸ்தூரி அதுவரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேக்கறவன் கூட்டாளி வூட்லதான என் தம்பி வேல செய்றான்?" என்றாள். "அவன் வூடு எரிஞ்சா பரவால்லயா?"

தேவராஜ் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துண்டு முகத்திலேயே இருந்தது. அவருக்கு அந்தக் கேள்வி புதிதில்லை என்று எனக்குத் தோன்றியது. இந்த ஒரு வாரமும் அந்த டிராக்டரில் சுற்றிக்கொண்டே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருப்பார்.

"மோகனுக்கு ஒண்ணும் ஆவாது" என்றார் கடைசியில்.

"உனக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்பறம்?"

களத்தில் வேலை செய்தவர்கள் வைக்கோலைப் புரட்டிப் போட்டுவிட்டு டிராக்டருக்காகக் காத்திருந்தார்கள். அவர் எழுந்து போய் ஓட்ட ஆரம்பித்தார். கஸ்தூரி அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அவளை ஏதாவது கேட்கலாமா என்று நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

நான்கு மணிக்கு மேல் சபாபதி வந்தார். பல்லாவரத்திலிருந்து மோட்டார் பைக்கில். வெள்ளைச் சட்டை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பார்த்தால் மிரட்ட வந்தவர் போல இல்லை. என்னை அக்கா மகள் என்று நினைத்துக்கொண்டார் போல, யார் என்று கேட்கவில்லை. தேவராஜ் இறங்கி வந்ததும் பழத்தைக் கஸ்தூரியிடம் கொடுத்துவிட்டு நிதானமாகப் பேசினார். முதலாளிக்குக் கோபம் இல்லை. நல்ல டிரைவரை விட மனசு இல்லை. நாளைக்குக் காலையில் வந்தால் பழையபடி வண்டி, எக்ஸ்ட்ரா லோடுக்குப் பேட்டா தனி.

"எக்ஸ்ட்ரா லோடு இல்லாம வர்றேன் சார்."

"அது எப்பிடிப்பா முடியும்? ஊத்துன்னு டெல்லியே சொல்லிச்சி. நீ இன்னா டெல்லிக்கு மேலயா? நீ ஓட்டலன்னா அந்த ப்ளேன் மேல போவாதா? வேற ஒருத்தன் ஓட்டப் போறான்."

"ஓட்டட்டும் சார்."

சபாபதி சிரித்தார். கஸ்தூரி பக்கம் திரும்பினார். அவள் தன் பக்கம் என்பது அவருக்குத் தெரியும். இரண்டு நாள் முன்பு பென்னலூருக்கு வந்து பேசிவிட்டுப் போனவர் அவர்தான்.

"நீயாவது எடுத்துச் சொல்லும்மா. உன் தம்பி இன்னிக்கு உசுரோட கீறதே அந்த அமெரிக்காகாரன் தயவுலதான். சோறு போட்றவனுக்கு ஒரு விசுவாசம் வாணாம்?"

கஸ்தூரி பழச்சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"இன்னா சொன்னீங்க?"

"இல்லம்மா, உன் தம்பி நல்லதுக்குத்தான…"

"என் தம்பிக்கு யாரும் சோறு போடல. அடுப்பாண்ட நின்னு வெந்து, அவன் சோத்த அவன் துன்றான். நான் அவன நெனச்சிப் பயந்துகினு கீறேன். அந்த பயத்த எடுத்துகினு வந்து எங்கிட்டயே வேல வாங்கப் பாக்கறீங்களா? அன்னிக்கும் இதான் சொன்னீங்க. அன்னிக்கு எனக்கு வெளங்கல."

"கஸ்தூரி" என்றார் தேவராஜ்.

"நீ சும்மா இரு." பழத்தை பைக்கின் சீட்டு மேல் வைத்தாள். "அவரு வர மாட்டாரு. போங்க."

சபாபதி தேவராஜைப் பார்த்தார். தேவராஜ் கஸ்தூரியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அவள் என்ன சொன்னாள் என்பது அவருக்கே இன்னும் பிடிபடாதவர் போல. சபாபதி இன்னும் ஒரு நிமிஷம் நின்றார். "யோசிச்சி சொல்லுங்க" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு பைக்கைக் கிளப்பினார். பழத்தை எடுத்துக்கொண்டுதான் போனார்.

பைக் சத்தம் ஏரிக்கரையைத் தாண்டி மறைந்ததும் கஸ்தூரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அழுதாள். அது கணவனுக்காக இல்லை. "எப்பா மோகனு, எப்பா மோகனு" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். தேவராஜ் பக்கத்தில் போய்க் குந்தினார். தொடவில்லை. களத்திலிருந்து யாரோ டிராக்டருக்குக் கூப்பிட்டார்கள். அவர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

நான் ஐந்தே முக்கால் பஸ்ஸில் தாம்பரம் திரும்பினேன். பன்னிரண்டு கிலோமீட்டர்.

பின்னால் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நாளில் எரிபொருள் நிரப்பும் அனுமதியை டெல்லி நிறுத்திக்கொண்டது. ஊர்வலங்களுக்கும் அதில் பங்கு இருந்திருக்கும். ஆட்சியை வெளியிலிருந்து தாங்கிக்கொண்டிருந்தவர்களின் கணக்குக்கு அதைவிடப் பெரிய பங்கு என்று அப்போது எழுதினார்கள். தேவராஜுக்கும் அதற்கும் சம்பந்தம் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. மாதக் கடைசியில் போர் முடிந்தது. மோகன் உயிரோடு இருந்தான். மார்ச்சில் தகவல் வந்தது, அந்த வருடக் கடைசியில் விடுப்பில் ஊர் வந்துவிட்டு மறுபடி தமாமுக்கே போனான். தேவராஜை அந்த முதலாளி திரும்ப எடுக்கவில்லை. செங்கல் லாரி ஓட்டினார்.

எங்கள் இதழில் கட்டுரை வந்தது. நான்கு பக்கம் என்று சொன்னது இரண்டு பக்கம் ஆனது. கஸ்தூரி வரும் இடங்களை எல்லாம் ஆசிரியர் எடுத்துவிட்டார். குழப்பும் என்றார். அச்சில் வந்ததைப் படித்தால், வல்லரசை எதிர்த்து உறுதியாக நின்ற தொழிலாளி ஒருவர் தெரிவார், அவருக்கு வீடு என்று ஒன்று இருந்ததே தெரியாது.

ஜூலையில் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள். வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவு திறந்தது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் நான் பஸ்ஸுக்குக் காத்திருந்த அந்த நாற்சந்தியைச் சுற்றிலும் வெளிநாட்டு கார் கம்பெனிகள், உதிரிபாகக் கம்பெனிகள் வந்தன. தேவராஜ் அதில் ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றும் பஸ் ஓட்டி அந்த வேலையிலேயே ஓய்வு பெற்றார். மகள் ஒரு வெளிநாட்டு கைபேசித் தொழிற்சாலையில் லைனில் வேலை செய்தாள். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் மூடிவிட்டார்கள்.

போன மாதம் பென்னலூருக்குப் போயிருந்தேன். வீடு இப்போது மாடி வீடு. மாடியில் தென்காசிப் பக்கத்துப் பையன்கள் நான்கு பேர் வாடகைக்கு இருக்கிறார்கள், எல்லோரும் நைட் ஷிஃப்ட். வெளிநாட்டு விமானத்துக்கு எண்ணெய் கொண்டுபோக முடியாது என்று சொன்னவர், வெளிநாட்டு கம்பெனி பஸ்ஸை ஓட்டினீர்களே என்று தேவராஜிடம் கேட்டேன். சண்டைக்காகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான்.

"இதுல இன்னா கீது? நம்ம பசங்களுக்கு வேல குடுத்தான். யார் தலைலயும் குண்டு போடல. ஆனா ஒண்ணு. வரும்போதும் நம்மளக் கேக்கல, போவும்போதும் நம்மகிட்ட சொல்லல. பாப்பா காலைல டிபன் பாக்ஸ் எடுத்துகினு போச்சு, கேட்டு சாத்தி கீதுன்னு திரும்பி வந்துச்சு. அப்ப மட்டும் அந்த பழைய சாவி ஞாபகம் வந்துச்சு."

இனி, போக விரும்புபவர்களுக்கு. ஞாயிற்றுக்கிழமை போங்கள். மற்ற நாட்களில் ஒரகடம் சாலையில் கன்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் நிற்கும், சைக்கிளில் போவது ஆபத்து. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை நிழலே கிடையாது, வெயிலுக்கு முன்னால் தாண்டிவிட வேண்டும். பஸ்ஸில் போகிறவர்கள் தாம்பரம் மேற்கில் ஏறலாம். படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவும் உண்டு, ஆள் நிரம்பினால்தான் எடுப்பார்கள், ஏறும் முன்பே கட்டணம் கேட்டுக்கொள்ளுங்கள். மணிமங்கலம் கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும், அதனால் பாதையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு மணிமங்கலத்தை முதலில் பார்ப்பது நல்லது. அமரம்பேடு சாலை இன்னும் கொஞ்சம் அமைதியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வீட்டுமனைக் கொடிகள் வந்துவிட்டன. ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தலாம், தண்ணீர் கையில் இருக்கட்டும். களங்கள் இருந்த இடங்களில் பெரும்பாலும் இப்போது மதில் சுவர்கள். எந்தச் சுவருக்குள் எந்த நாட்டுக்காரன் என்று ஊர்க்காரர்களுக்கும் எப்போதும் தெரிவதில்லை.

போன மாதம் பென்னலூரிலிருந்து புறப்படும்போது, பழைய விஷயத்தை முழுசாக இணையத்தில் எழுதலாமா, உங்கள் பெயர்கள் வருமே என்று கஸ்தூரியிடம் அனுமதி கேட்டேன். மாடிப் பையன்களின் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்த்தாள்.

"எழுதிக்கோம்மா. ஆனா நான் அன்னிக்கு அவரு பக்கம் பேசிட்டேன்னு எழுதாத. இன்னிக்குக் கேட்டாலும் அவரு பண்ணது தப்புன்னுதான் சொல்வேன். என் தம்பிய நெனச்சிருக்கணும் அவரு." கடைசித் துணியை எடுத்து உதறினாள். "அந்த ஆளு பேசுனது அதவிடத் தப்பு. அதுக்குத்தான் போன்னு சொன்னேன். ரெண்டையும் போடு."

இரண்டையும் போட்டுவிட்டேன்.